வேடிக்கைக்கு ஒரு திமிங்கலமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

நம் கடற்கரைக்குத் திமிங்கலம் புதிதன்று. 1973-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பொங்கலை ஒட்டிய நாளில், மணப்பாடு பக்கத்துக் கரையில் 147 திமிங்கலங்கள் ஒருசேர ஒதுங்கின. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுள் ஒருவரான கே. அழகர்சாமி, அதே 1973-இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டிய குழுவை நடத்தியவர். முத்தின் புகழ் ஊரெங்கும் பரவியது. திமிங்கலக் கட்டுரை நூலக அலமாரியில் தங்கிவிட்டது.

43 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரி 11-ஆம் நாள் மாலையில், அதே கரையில், அதே இனத் திமிங்கலங்கள் மறுபடியும் வந்தன. திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலை முதல் மணப்பாடு வரை எண்பதுக்கும் மேற்பட்டவை கரையேறிக் கிடந்தன. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு மாணவன். ஊரே கடற்கரைக்கு ஓடியது, நானும் ஓடினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வேடிக்கை பார்க்கத்தான் ஓடினேன். கரிய, பளபளப்பான உடல், உருண்ட நெற்றி, தலையுச்சியில் ஒரு துளை. அதன் வழியே பெருமூச்சு விடும் ஓசை இருட்டிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. பையன்கள் சிலர் அதன் முதுகில் கைவைத்துப் பார்த்தார்கள். நானும் வைத்தேன். ரப்பரைத் தொடுவது போலிருந்தது.

அப்பாவும் ஊர்க்காரர்களும் வேடிக்கை பார்க்கவில்லை. வால் பக்கமாகக் கயிறு கட்டி, வள்ளத்தில் பிணைத்து, ஒவ்வொன்றாக ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விட்டவை பல திரும்பி வந்தன. "கொண்டுபோய் விட்டுட்டு நாங்க கரைக்கு வாரதுக்குள்ள அது எங்களுக்கு முன்னால வந்து கெடக்கு" என்று அப்பா விடியற்காலையில் வீட்டில் வந்து சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்டவை இறந்தன. அவற்றைக் கடற்கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

இக்கட்டுரையின் பொருள் கரை ஒதுங்கிய திமிங்கலமன்று. கட்டணம் வாங்கிக்கொண்டு தொட்டியில் வைத்துக் காட்டப்படும் திமிங்கலமே இதன் பொருள். அப்படிக் காட்டுவது முறையா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கயிறும், திரும்பி வந்த திமிங்கலங்களும்தாம். அவை ஏன் திரும்பி வந்தன என்பதில் இந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று எண்ணுகிறேன்.

திமிங்கலம் மீனன்று என்பதை விலங்கியல் மாணவர்கள் அனைவரும் அறிவர். நுரையீரலால் மூச்சு விடும்; குட்டி ஈன்று பால் கொடுக்கும்; வெப்ப இரத்தமுடையது. நம் மீனவர்கள் ஓங்கல் என்று அழைக்கும் டால்பினும் பல்லுள்ள திமிங்கலங்களின் வகையைச் சேர்ந்ததே. மணப்பாட்டில் ஒதுங்கியவற்றின் பெயர் குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கலம். இதுவும் டால்பின் குடும்பத்தில் பெரிய உருவம் உடையதுதான்; ஆண் ஏறத்தாழ 7 மீட்டர் வரை வளரும். கணவாய்தான் இதற்கு முக்கிய உணவு. கணவாயைத் தேடி இது நீந்தும் ஆழம் வியப்பளிப்பது. கானரித் தீவுகளின் அருகே, உறிஞ்சிப் பிடிக்கும் கருவிகளை இவற்றின் முதுகில் ஒட்டி ஆராய்ந்தார்கள். ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஆழம் சென்று, அங்கே இரையின் பின்னால் அதிவேகமாகப் பாய்கின்றன என்று தெரிந்தது. நம் முத்துக்குளிப்போர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிய ஆழம் பத்துப் பதினைந்து பாகத்துக்குள் அடங்கும். மூச்சை அடக்கி இறங்குவது எத்தகைய வேலை என்பதை அறிந்த ஊர் நம்முடையது. ஆகவே இந்த ஆயிரம் மீட்டரின் அளவு நமக்குத்தான் நன்றாகப் புரியும்.

ஆழத்தை விடவும் முக்கியமானது இவற்றின் குடும்பம். பைலட் திமிங்கலங்கள் தாய்வழிக் கூட்டமாக வாழ்பவை. பாட்டி, தாய், பிள்ளை என்று தலைமுறைகள் சேர்ந்தே நீந்துகின்றன. பெண் திமிங்கலம் நாற்பது வயதை ஒட்டிக் குட்டி ஈனுவதை நிறுத்திவிடுகிறது; அதன் பின்னும் இருபது ஆண்டுகளோ அதற்கு மேலுமோ உயிர் வாழ்கிறது. பேறுகாலம் முடிந்தபின் இவ்வளவு நீண்ட முதுமை விலங்குகளில் மிக அரிது. மனிதருக்கும் சில திமிங்கல இனங்களுக்குமே இது உரியது எனலாம். அந்தப் பாட்டிகள் கூட்டத்துக்கு எதற்கோ தேவைப்படுகிறார்கள் என்றுதான் அறிஞர் கருதுகின்றனர். இந்தச் செய்தி தொட்டியில் வளர்த்த திமிங்கலங்களிடமிருந்து கிடைத்ததன்று. ஜப்பானில் வேட்டையாடப்பட்ட திமிங்கலங்களின் உடல்களை ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார்கள். அறிவு வந்த வழியும் சில நேரங்களில் நமக்கு உவப்பாக இருப்பதில்லை.

ஒரு கூட்டம் ஏன் கரையேறுகிறது என்பதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. நோயுற்ற ஒன்றைத் தொடர்ந்து மற்றவை வருவது, சரிவு குறைந்த மணற்கரையில் திசை தடுமாறுவது என்பன அவற்றுள் சில. எது காரணமாயினும், கடலில் கொண்டுபோய் விட்டபின் திரும்பி வருவதற்கு விளக்கம் ஒன்றுதான் பொருந்துகிறது. கூட்டத்தின் மற்றவை இன்னும் மணலில் கிடக்கின்றன. கடல் முழுவதும் திறந்திருக்கும்போது அது கரையை நோக்கி வருகிறதென்றால், அதற்கு வீடு என்பது கடல் அன்று, கூட்டமே என்றுதான் கொள்ள வேண்டும்.

இனி தொட்டிக்கு வருவோம். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடலில் 1960-களில் ஒரு பெண் பைலட் திமிங்கலத்தைப் பிடித்தார்கள். நம் மணப்பாட்டில் ஒதுங்கிய அதே இனம். 'பபிள்ஸ்' என்று பெயரிட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். பின்னர் சான் டியாகோவில் உள்ள 'சீ வேர்ல்ட்' பூங்காவுக்கு மாற்றினார்கள். அது 2016 ஜூன் மாதத்தில் இறந்தது. அப்போது அதற்கு ஐம்பது வயதைக் கடந்திருந்தது. நம் கரையில் அத்தனை உயிர்கள் மடிந்த அதே ஆண்டு! நீண்ட நாள் வாழ்ந்ததே, பிறகென்ன குறை என்று பூங்காக்காரர்கள் கேட்கலாம். வேளாவேளைக்கு மீன், மருத்துவர், சுறா பயமில்லை. ஆனால் கூட்டத்தில் இருந்திருந்தால் அந்த வயதில் அது ஒரு பாட்டியாக இருந்திருக்கும்.

இதைவிடத் தெளிவான வரலாறு கொலைத்திமிங்கலம் என்னும் 'ஓர்கா'வுடையது. 1970 ஆகஸ்டில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பென் கோவ் என்ற குடாவில், படகுகளையும் வெடிகளையும் கொண்டு ஓர்காக் கூட்டங்களை வளைத்தார்கள். பெரியவற்றைத் தூக்குவது கடினம். ஆகவே குட்டிகளைப் பிரித்தெடுத்தார்கள். வலையில் சிக்கி இறந்த குட்டிகளின் உடல்களை வெளியே தெரியாதபடி பாரம் கட்டி அமிழ்த்தினார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. குட்டிகளை ஏற்றும்வரை மற்ற ஓர்காக்கள் அவ்விடத்தை விட்டு அகலாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தன என்று அங்கிருந்தவர்கள் பின்னாளில் கூறினார்கள். பிடிபட்டவற்றுள் ஒன்று 'டோக்கிடே'; 'லோலிட்டா' என்ற மேடைப்பெயராலும் அறியப்பட்டது. மயாமி நகரத்துக் கடற்காட்சிக் கூடத்தில் 20 அடி ஆழமுள்ள குளத்தில் அதை விட்டார்கள். உடனிருந்த 'ஹியூகோ' என்ற ஆண் ஓர்கா 1980-இல் இறந்தபின், தன் இனத்தில் வேறு துணையின்றி 43 ஆண்டுகள் அங்கேயே இருந்தது. பிறந்த கடலுக்கே அதைக் கொண்டுபோய் விடுவோம் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். அந்த ஆகஸ்டு 18-ஆம் நாள் அது இறந்துபோனது. அதன் தாயாக இருக்கலாம் என்று கருதப்பட்ட முதிய ஓர்கா அப்போதும் அந்த வடகடலில் நீந்திக்கொண்டிருந்தது.

'டிலிக்கும்' என்ற ஆண் ஓர்காவின் கதையை ஆவணப்படம் மூலம் பலர் அறிந்திருப்பர். 1983-இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில் ஆர்லாண்டோ நகரத்துப் பூங்காவில், பார்வையாளர் இருக்கும்போதே, தன்னைப் பழக்கிய பெண்ணை நீருக்குள் இழுத்துக் கொன்றது. 2013-இல் வந்த 'பிளாக்ஃபிஷ்' என்ற படத்துக்குப் பின் மக்கள் கருத்து மாறியது. 2016 மார்ச்சில் அந்நிறுவனம் ஓர்காக்களை இனி இனப்பெருக்கம் செய்விக்கமாட்டோம் என்று அறிவித்தது. 2019-இல் கனடா சட்டமே இயற்றித் தடுத்தது.

இதைப் படித்தபோது என் மனம் அமெரிக்காவில் நிற்கவில்லை. 2024 நவம்பரில் நம் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை, தன் பாகனையும் அவருடைய உறவினர் ஒருவரையும் தாக்கிக் கொன்றது. பாகனோ அதைத் தன் பிள்ளை போல வளர்த்தவர் என்று ஊரார் கண்ணீர் விட்டனர். கோயில் யானை வேடிக்கைக்காக வைக்கப்படுவதன்று, பக்தியின் பாற்பட்டது. அதைத் திமிங்கலக் காட்சியோடு நான் ஒப்பிட முன்வரவில்லை. ஆயினும், கூட்டத்திலிருந்து பிரித்த பேருயிர் நம் அன்புக்குள் முழுமையாக அடங்கிவிடும் என்று நாம் நம்பும் இடத்தில் ஏதோ ஒரு பிழை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டிலும் இந்த வேடிக்கை ஒருமுறை முயன்று பார்க்கப்பட்டதை நம்மில் பலர் அறியோம். 1998-இல், சென்னைக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'டால்பின் சிட்டி' என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். கருங்கடல் ஓரத்து நாட்டிலிருந்து நம் வெயிலுக்கு! ஆறு மாதங்களுக்குள் அவை மாண்டன. அதற்குச் சில நூறு அடி தூரத்தில் வங்கக்கடலில் டால்பின்கள் சும்மா துள்ளிக்கொண்டிருந்திருக்கும் என்பதை எண்ணும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதன் பின்னரும் கொச்சியிலும் மகாராஷ்டிரத்திலும் டால்பின் காட்சிக் கூடம் அமைக்கத் திட்டங்கள் எழுந்தன. எதிர்ப்பும் எழுந்தது. 2013 மே 17-ஆம் நாள் மத்திய உயிர்க்காட்சிச்சாலை ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வணிகக் கேளிக்கைக்காக டால்பின், திமிங்கல இனங்களை இறக்குமதி செய்யவோ பிடித்து அடைக்கவோ எந்த நிறுவனத்துக்கும் அனுமதி தரலாகாது என்பது அதன் சாரம். அறிவாலும் உணர்வாலும் மற்ற விலங்குகளினின்று வேறுபட்டு நிற்கும் இவற்றை, மனிதரல்லாத ஆள்கள் போலக் கருதித் தனி உரிமை உடையவையாகக் கொள்ள வேண்டும் என்று பல அறிவியலார் கூறியிருப்பதையும் அது எடுத்துக்காட்டியது. உலகில் பல செல்வ நாடுகள் செய்யத் தயங்கியதை நம் நாடு முன்னரே செய்தது என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

மறுபக்கத்து வாதங்களையும் சொல்லவேண்டும். அவற்றுள் ஒன்று வலுவானது. 1960-களுக்கு முன் ஓர்காவைக் கண்டால் சுடுவதே மேலைநாட்டு மீனவர் வழக்கம். 1964-இல் கனடாவின் வான்கூவர் மீன்காட்சியகத்தார், சிலை செய்வதற்கு மாதிரியாக ஓர் ஓர்காவைக் கொல்லும் நோக்கத்தோடு ஈட்டி எறிந்தார்கள். அது சாகவில்லை. இழுத்து வந்து 'மோபி டால்' என்று பெயரிட்டு வைத்திருந்தார்கள். மூன்று மாதம் கூட அது வாழவில்லை. அதற்குள் இந்த விலங்கு அரக்கனன்று, சாதுவானது என்ற எண்ணம் மக்களிடம் பரவிவிட்டது. அடைத்து வைத்துப் பார்த்ததால்தானே அன்பு வந்தது என்று கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அன்பு வந்த கையோடு ஊர் ஊராகக் காட்சிக்கூடங்கள் ஓர்கா கேட்டன. பென் கோவ் நடந்தது. ஓர்காக்கள் உண்மையில் எத்தனை என்பதைக் கண்டறிந்தவர், 1970-களில் அவற்றின் முதுகுத் துடுப்பையும் தழும்பையும் புகைப்படம் எடுத்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்ட மைக்கேல் பிக் என்னும் கனடா நாட்டவர். எண்ணிப் பார்த்தபோது இருந்தவை மிகக் குறைவு என்று தெரிந்தது. அவர் தொட்டியில் எதையும் அடைக்கவில்லை. படகில் போய்ப் படமெடுத்தார், அவ்வளவே.

ஆராய்ச்சிக்காக அடைப்பது வேறு என்பர். நம் மன்னார் வளைகுடாவை ஒட்டிய மண்டபத்தில் 1959 முதல் ஓர் இணை ஆவுளியாக்களை, அதாவது கடற்பசுக்களை, ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துப் பல ஆண்டுகள் வளர்த்தார்கள். அங்கே துள்ளிக் குதிக்க வைக்கவில்லை, கைதட்டலில்லை. கடற்பசுவின் உணவையும் பழக்கத்தையும் பற்றி நேரில் அறிய அது உதவியது. அதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. முழுதும் சரி என்று சொல்லவும் வரவில்லை. இந்த இடத்தில் என் கருத்து இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வி எனக்கு வெளியிலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்தே வந்தது. நாள்தோறும் வலை வலையாக மீனை அள்ளிவரும் வீட்டில் பிறந்த நான், திமிங்கலத்துக்காக வாதாடுவது பொருந்துமா? விடுதியிலிருந்து ஊருக்குச் சென்றபோது இதை அப்பாவிடமே கேட்டேன். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவரல்லர். வலையைப் பழுது பார்த்துக்கொண்டே, "பிடிச்சா திங்கணும், விக்கணும். இல்லையா, விட்டுறணும். பிடிச்சு வச்சு பாத்துக்கிட்டே இருக்கதுக்கு அது என்னல பாவம் பண்ணுச்சு?" என்றார். பசிக்கும் பிழைப்புக்கும் எடுப்பதற்கு ஒரு முடிவு உண்டு. வேடிக்கைக்கு அடைப்பதற்கு முடிவில்லை என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். டோக்கிடேயின் 53 ஆண்டுகள் அதற்குச் சாட்சி.

சிலர் வேறு வழி சொல்கிறார்கள். தொட்டியைப் பெரிதாக்கலாம், குளோரினைக் குறைக்கலாம், வேடிக்கைக் காட்சியை 'கல்விக் காட்சி' என்று பெயர் மாற்றலாம். தொட்டியின் அளவுதான் குறை என்றால் இதெல்லாம் பொருந்தும். மணப்பாட்டில் வள்ளத்தால் இழுத்துவிடப்பட்ட திமிங்கலத்துக்குக் கிடைத்ததை விடப் பெரிய தொட்டியை எவரும் கட்டப் போவதில்லை. மன்னார் வளைகுடா முழுவதும் அதற்கு முன்னால் இருந்தது. அது அதை வேண்டாம் என்றுதானே திரும்பி வந்தது! எத்தனை ஏக்கர் தொட்டி கட்டினாலும் அதற்குள் அதன் பாட்டியையும் தாயையும் பிள்ளையையும் வைக்க முடியாது. கூட்டத்தோடு பிடிக்கலாமே என்றால், பென் கோவில் நடந்தது நினைவுக்கு வரட்டும்.

குழந்தைகள் திமிங்கலத்தைப் பார்க்க ஆசைப்படுவார்கள். அது நியாயமான ஆசை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூடு ஒன்று தொங்குகிறது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளின் வாய் தானாகத் திறப்பதை நான் ஒரு கல்விச் சுற்றுலாவின்போது கண்டேன். என் வாயும் திறந்துதான் இருந்தது என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நம் கடலிலேயே அதிகாலையில் வள்ளத்தில் போகிறவர்களுக்கு ஓங்கல் கூட்டம் தென்படுவது வழக்கம். அதற்கு நுழைவுச்சீட்டு இல்லை. வரவேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை.

ஆனால் 2013-இல் வந்தது சுற்றறிக்கைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் கடலில் இவற்றைப் பிடிப்பதைத் தடுக்கிறது. ஆனால் வெளிநாட்டுத் தொட்டியில் பிறந்த ஒன்றை விமானத்தில் கொண்டுவருவதை, வாசலில் நின்று மறிப்பது முக்கியமாக அந்தச் சுற்றறிக்கையே. கடற்கரைச் சுற்றுலா என்றும் வேலைவாய்ப்பு என்றும் சொல்லிக்கொண்டு அப்படி ஒரு திட்டம் நாளை நம் துறைமுக நகருக்கே வரக்கூடும். வேலையில்லாத் திண்டாட்டம் நிறைந்த மாவட்டத்தில் அதை மறுப்பது எளிதாக இராது. என் வகுப்புத் தோழர்களிலேயே பலர் ஆதரிப்பார்கள். அப்போது, 2016 ஜனவரியில் கரைக்கு ஓடிவந்த இரண்டு கூட்டத்தையும் அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்: கைவைத்துப் பார்த்த எங்களையும், விடிய விடியக் கயிறு பிடித்த எங்கள் அப்பாக்களையும்.